சனி முதல் பாதை

ஞானமணிக்குப் பாட்டு வராது. பாட்டுக் கேட்கவும் வராது என்று அவளே சொல்லுவாள். அப்படிப்பட்டவள் பழைய பாட்டுப் பிரியர்கள் கூடிக் கதைக்கிற இடத்தில் போய்ச் சேர்ந்தாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள். ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு இப்போது மூச்சுக் காணாது.

அவளுடைய கணவர் சோமசேகரம் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த உயரத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் தனியே இருந்து, பாடிக்கொண்டே மூட்டைகளை இறக்கி வைப்பார். கீழே நிற்கிறவர்களுக்கு வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அந்த மனிதருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரு மெட்டு. சொல் கிடையாது, வெறும் முனகல். அதுவும் பாதி மெட்டுத்தான். நன்றாக ஏறிப் போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அப்போது இடது கையால் கட்டில் சட்டத்தில் தட்டுவார். பிறகு ஞானமணியைப் பார்ப்பார். மிச்சத்தைத் தா என்கிற பார்வை அது. மறுபடி முதலில் இருந்து முனகுவார், மறுபடி அதே இடத்தில் நிற்பார், மறுபடி தட்டுவார். சோற்றைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்வார். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது.

அவளிடம் மிச்சம் இல்லை. காலமெல்லாம் வீட்டில் பாடிய மனிதரின் பாட்டு எதுவும் அவள் காதில் தங்கவில்லை. கேட்டுப் பார்க்கலாமென்றால், அவரோடு பாடித் திரிந்தவர்களில் பாதிப் பேர் கடல் கடந்து போய்விட்டார்கள். மற்றப் பாதிப் பேரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. போருக்கு நடுவே சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, முடிந்துவிட்டது என்று எவரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது.

ஞானமணி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தாள். கந்தோருக்கு எதிரே மாடியில் செல்லத்தம்பியின் நெட் கடை இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க வருகிற தாய்மார்களால் ஓடிய கடை. அவள் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னதைக் கேட்டு, பாட்டுக்காரர்கள் கூடுகிற ஓரிடத்தைச் செல்லத்தம்பிதான் திறந்து காட்டினான். பழம்பாட்டு அரங்கம் என்று அதற்குப் பெயர். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் ஆட்கள் வருவார்கள், எழுதுவார்கள், போவார்கள். முகம் தெரியாது. பெயரும் சொந்தப் பெயர் இல்லை. தமிழைத்தான் எழுதுவார்கள், ஆனால் ஆங்கில எழுத்தில்.

"டைப் அடிக்கத் தெரிஞ்சாப் போதும் அக்கா. பாடச் சொல்ல மாட்டினம்" என்றான் செல்லத்தம்பி.

அவள் மணி என்று பெயர் கொடுத்தாள். மறுநாளே மணி சார் ஆகிவிட்டாள். திருத்தப் போகவில்லை. ஆணென்றே இருக்கட்டும், கரைச்சல் குறைவு என்று விட்டுவிட்டாள்.

அரங்கத்தில் மதுரையில் இருந்து ராகம் ராமசாமி என்று ஒருவர் வருவார். எந்தப் பாட்டுக்கும் ராகம் சொல்லுவார், பாதி பிழை. கனடாவில் இருந்து பனிக்குயில் என்று ஒரு பெண், அந்தப் பிழைகளைப் பிடிக்கிறதற்கென்றே விழித்திருப்பாள். மூன்றாவது ஆள் தவளை. எங்கே இருக்கிறார் என்று சொன்னதில்லை. பாட்டின் நடுவில் வருகிற வயலின் துண்டைக்கூட நினைவில் வைத்திருக்கிற ஆள். தங்களுக்குள் சண்டை பிடித்தாலும் அந்தச் சண்டையில் ஒரு வாஞ்சை இருந்தது. நாள் முழுக்கக் கந்தோரிலும் கட்டிலடியிலும் தேய்ந்துபோன ஞானமணிக்கு, அந்த அரைமணி நேரம் யாரோ வீட்டுக் கலியாணப் பந்தலில் ஓரமாகக் கதிரை போட்டு இருந்தது போல இருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். ராமசாமி ஏதாவது கேட்டால் ஞானமணி ஓம் என்று எழுதுவாள். ஆமாம் என்கிற நம்முடைய ஓம், வேறென்ன. ஆனால் மதுரைக்காரருக்கு அது பிரணவம். மணி சார் பெரிய பக்திமான், எதைச் சொன்னாலும் ஓம்காரத்தோடு தொடங்குகிறார் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தவளையும் ஓம் என்று எழுதுகிற ஆள். அரங்கத்தில் இரண்டு சாமியார்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று பனிக்குயில் சிரித்தாள். அவளுக்கு அர்த்தம் தெரியும், வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாள்.

தவளையும் இலங்கைதான் என்று ஞானமணிக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. எந்த ஊர் என்று கேட்கவில்லை. தவளையும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஊரைக் கேட்பது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

மெட்டை எப்படி எழுதுவது? கட்டிலடியில் இருந்து கேட்டு, தன்னனா தானனா என்று எழுதிக் கொண்டுபோய் ஞானமணி அரங்கத்தில் போட்டாள். ராமசாமி ஏழெட்டுப் படப்பாட்டுச் சொன்னார். ஒன்றும் ஒத்துவரவில்லை. பிறகு தவளை எழுதியது, இது படப்பாட்டே இல்லை, முந்தி வானொலியில் போன மெல்லிசைப் பாட்டு, வாப்பா பிடித்து வைத்த கசெட் வீட்டில் இருக்கிறது என்று. இரண்டு நாளில் மிச்ச வரிகளும் வந்தன.

அக்கரை விளக்கு அணையவில்லை
ஆக்கிய சோறும் ஆறவில்லை

ஞானமணி அந்த வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்கு ஓடினாள். அவர் நின்ற இடத்தில் எடுத்துச் சொன்னாள். வாசித்தது போல இருந்தது. பாடிப் பார்த்தாள். சோமசேகரம் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். பேச்சில்லாத மனிதர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லுவார்?

சொல் கிடைத்துவிட்டது, மெட்டு என் வாயில் ஏறாது என்று அரங்கத்தில் எழுதினாள். கசெட்டை அனுப்ப முடியுமா என்று ராமசாமி தவளையைக் கேட்டார். தபாலை நம்ப ஏலாது என்று தவளை எழுதியது. பிறகு சில நாள் தவளையைக் காணவில்லை. திரும்பி வந்தபோது ஒரே ஒரு வரி.

'டவுணுக்கு வந்து ஏதாவது செய்யலாமெண்டு பாத்தன். பாதை ஓடேல்ல.'

அரங்கமே அந்த வரியைக் கொண்டாடியது. பாதை ஓடவில்லையாம். மனிதர்கள் ஓடுகிறோம், பாதை ஓடவில்லை, அடடா, என்ன தத்துவம் என்று ராமசாமி உருகினார்.

ஞானமணியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. பாதை என்றால் மற்ற ஊரார் நடக்கிற வழியைத்தான் நினைப்பார்கள். கிண்ணியாத் துறையில் பாதை என்றால், ஆட்களையும் சைக்கிளையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற தட்டை மிதவை. அந்தப் பாதைதான் ஓடும். அந்தப் பாதைதான் சண்டை என்றால் நிற்கும். இத்தனை மாதமும் இலங்கையில் எந்த மூலையோ என்று நினைத்த தவளை, குடாவுக்கு அந்தப் பக்கம், கிண்ணியாவில் இருக்கிறது.

ஊர்ப் பெயரை எழுத அவளுக்குக் கை வரவில்லை. யார் பார்ப்பார்களோ. யோசித்துப் பார்த்துவிட்டு இப்படி எழுதினாள்.

'நான் பாதைக்கு இந்தக் கரையில.'

ராமசாமி கைகூப்பினார். பிறகு தவளையிடம் இருந்து வந்தது.

'ஓமா?'

'ஓம்.'

அதற்குப் பிறகு அந்த வாரம் அவர்கள் கதைத்ததெல்லாம் எல்லோருக்கும் முன்னால்தான். ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் தவளை, சனி முதல் பாதை என்று எழுதியது. சனிக்கிழமை காலை முதலாவது மிதவையில் வருகிறேன் என்று அர்த்தம். ராமசாமிக்கோ சனிப்பெயர்ச்சி. தன்னுடைய ராசியைச் சொல்லி, சாமி, சனி எனக்கு எப்போது பாதை விடுவார் என்று பணிவாகக் கேட்டிருந்தார். பாவம், மனிதருக்கு என்ன கஷ்டமோ. கெதியில விடும், கன நாள் எடுக்காது என்று ஞானமணி எழுதினாள்.

சனிக்கிழமை சோமசேகரத்தைப் பக்கத்து வீட்டுக் கனகம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, சீனக்குடாப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, மறுபடி ஏறி, துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதை கரை தட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் இறங்கினார்கள். பாட்டுப் பைத்தியம் போல ஒரு ஆணைத் தேடினாள் ஞானமணி. மீன் பெட்டியோடு ஒருவர் போனார், தோப்பூர் நெல் வியாபாரிகள் இருவர் போனார்கள், ஒரு மௌலவி போனார். எல்லோரும் போய்விட்டார்கள். கரையில் மிஞ்சியது அவளும், கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணும் போகிற வருகிற ஆண்களையெல்லாம் பார்த்துக் களைத்துப்போய் நின்றாள்.

"ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறீங்களா?" என்று அந்தப் பெண்தான் கேட்டாள்.

"ஓம்."

"ஆரை?"

ஞானமணி என்ன சொல்வது என்று தெரியாமல் உண்மையைச் சொன்னாள். "ஒரு தவளையை."

அந்தப் பெண் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அல்லாஹ்வே, நீங்களா மணி சார்?"

அவள் பெயர் ஸல்ஹா. கிண்ணியாவில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். தம்பி அபூதாஹிரின் கடைக் கணினியில் இருந்துதான் எழுதுவாள். சின்ன வயதில் பாட வாயெடுத்தால் தவளை கத்துகிறது என்று அவன் பழிப்பானாம், அதுதான் பெயர். கசெட் எங்கே என்று ஞானமணி கேட்டாள்.

"கொண்டரல்ல அக்கா. பைக்குள்ள கசெட்டக் கண்டா, அதுக்குள்ள என்ன இரிக்கி எண்டு கேட்டுக் கேட்டே பின்னேரமாகிப் போகும். போட்டுப் போட்டுக் கேட்டுப் பாடமாக்கிட்டு வந்திரிக்கன்."

அங்கேயே நின்று மெல்லப் பாடிக் காட்டினாள். ஞானமணிக்கு விளங்கியது, அழகாக இருக்கிறது என்பது மட்டும்தான். அதை வீடுவரைக்கும் கொண்டுபோக அவளால் ஏலாது. நாலு அடி நடப்பதற்குள் சிந்திப்போகும்.

ஸல்ஹா தண்ணீரைப் பார்த்தாள். பத்து மணிக்குத் திரும்புகிற பாதையில் போவதாகத்தான் வீட்டில் சொல்லி வந்திருந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு ஓடும் என்று அந்த நாட்களில் எவரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஊருக்கு அப்பால் எங்கேயோ ஷெல் சத்தத்தில் வானம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, நீ போ. வந்ததே பெரிசு" என்றாள் ஞானமணி.

"நீங்க பாடினா அந்த மனிசன் திரும்பவும் சுவரப் பாக்கும்" என்றாள் ஸல்ஹா. "வாங்க, பஸ் எங்க?"

வீட்டில் ஸல்ஹா அறைக்குள் போகவில்லை. ஆண்களுக்கு முன்னால் பாடிப் பழக்கமில்லை என்று குசினியில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டாள். சோமசேகரம் வழமைபோல முனகத் தொடங்கினார். ஏறினார். நின்றார். கட்டிலில் தட்டக் கை உயர்ந்தது. அப்போது குசினிக்குள் இருந்து அந்தக் குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்த குரல்தான், தம்பி சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை.

அக்கரை விளக்கு அணையவில்லை, ஆக்கிய சோறும் ஆறவில்லை.

உயர்ந்த கை அப்படியே நின்றது. அவர் ஞானமணியைப் பார்க்கவில்லை, குசினிக் கதவைப் பார்த்தார். ஸல்ஹா மறுபடியும் பாடினாள். பிறகு, முதலில் இருந்து அவரே தொடங்கினார். அந்த இடம் வந்தது. நின்றார். ஞானமணி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. சுருதி பிசகி, வழுக்கி, எப்படியோ தாண்டிவிட்டார். ஸல்ஹா உள்ளே இருந்து கூடவே வந்து கடைசிவரை கொண்டுபோய் விட்டாள்.

கை மெதுவாகப் போர்வையில் இறங்கியது. பிறகு வாயைத் திறந்தார். பாடுவதற்கு இல்லை, பசி.

சோறு ஆறித்தான் போயிருந்தது. ஞானமணி பருப்போடு பிசைந்து ஊட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது விழுந்து படுக்கவேண்டும் போல இருந்தது.

ஸல்ஹா பயந்தபடியே ஆயிற்று. மத்தியானம் பாதை நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் ஓடவில்லை. சந்திக் கடைத் தொலைபேசியில் தம்பிக்குச் சொல்லிவிட்டு அவள் ஞானமணி வீட்டிலேயே தங்கினாள். சைவச் சமையல் என்பதால் சாப்பாட்டில் சிக்கல் இல்லை. தொழுகைக்கு முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள் ஞானமணி. கிடந்த பழைய துணியை எடுத்துச் சோமசேகரத்துக்கு இடுப்பில் உடுக்க இரண்டு சாரம் மூட்டிக் கொடுத்தாள் ஸல்ஹா. அவர் பாடினார், சாப்பிட்டார், நித்திரை கொண்டார். தட்டுகிற சத்தம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கந்தோர் விட்டதும் இருவருமாகச் செல்லத்தம்பியின் மாடிக்குப் போனார்கள். ஒரே திரைக்கு முன்னால் இரண்டு கதிரைகள். அரங்கத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள். பாட்டு முழுமையாகிவிட்டது என்று ஞானமணி எழுதினாள். பனிக்குயில் பூவாகக் கொட்டினாள். அது என்ன ராகம் என்று ராமசாமி ஒன்று சொன்னார், பிழை என்று ஸல்ஹா ஞானமணியின் தோளுக்கு மேலால் முணுமுணுத்தாள்.

பிறகு ராமசாமி கேட்டார், சாமிகளே, சனி முதல் பாதை என்று சொன்னீர்களே, பாதை கிடைத்ததா என்று.

ஞானமணி ஸல்ஹாவைப் பார்த்தாள். ஸல்ஹா யன்னலைப் பார்த்தாள். வீதியில் கடைகளை இழுத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

'வந்தது. இப்ப திரும்பவும் ஓடேல்ல' என்று ஞானமணி எழுதினாள்.

மதுரையில் இருந்து மறுமொழி உடனே வந்தது. மனம் தளர வேண்டாம் சாமி, இதெல்லாம் சோதனை, மனதை அடக்கிப் பொறுமையாக இருங்கள், பாதை தானாக ஓடும் என்று எழுதியிருந்தார் அந்த நல்ல மனிதர்.

ஸல்ஹா அதை இரண்டு தரம் வாசித்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்றதிலயும் ஒரு நியாயம் இரிக்கி" என்றாள். "வாங்க அக்கா, போவம். நாளைக்குப் பாப்பம்."

ஞானமணி ஓம் என்று எழுதிவிட்டு எழுந்தாள்.