தாமே விரும்பிக் கேட்டுக்கொண்டதற்கிணங்க

கண்ணுசாமியைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதல் வாழ்த்து வந்தது. திண்டுக்கல்லில் பைண்டிங் கடை வைத்திருப்பவர் அவர். எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஆய்விதழ்களை வருஷவாரியாகச் சேர்த்துக் கட்டித் தருவார். இந்த முறை ஒரு கட்டின் நடுவில் இருந்த இதழ்களைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். படிக்கிறவன் பாதிப் புத்தகத்தில் தலைகீழாக நிற்க வேண்டுமா என்று நான் கத்த, அவர் பின்மண்டையைச் சொறிந்துகொண்டு, "பிரிச்சுக் கட்டித் தாரேன் மேடம், அதுக்கு ஏன் இம்புட்டுக் கோவம்?" என்றார். அப்போது மேஜைமேல் கைபேசி அதிர்ந்தது. பணியாளர் வாட்ஸப் குழுவில் தாவரவியல் பேராசிரியர் ஒரு பூங்கொத்துப் படத்தைப் போட்டு, "வாழ்த்துகள் ஜெயமேரி மேடம், இனி நன்றாக ஓய்வெடுங்கள்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

எனக்கு அன்று பிறந்தநாளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் மாதாந்திரச் செய்தி மடல் அன்று காலை வந்திருந்தது. பட்டமளிப்பு விழா, மரம் நடுவிழா எல்லாம் தாண்டி, கடைசிப் பக்கத்தில் பணியாளர் செய்திகள். நிர்வாகச் சீரமைப்பின் ஒரு பகுதியாக மைய நூலகம் இனி 'அறிவு வள மையம்' என்ற பெயரில் இயங்குமாம். கணினி மையத்தின் முனைவர் ஆனந்த்ராஜ் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்கிறாராம். அடுத்த வாக்கியம் என்னைப் பற்றியது. 'இதுவரை நூலகர் பொறுப்பு வகித்த திருமதி ஜெயமேரி, உடல்நிலையையும் குடும்பச் சூழலையும் முன்னிட்டுத் தாமே விரும்பிக் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பழைய நூல்கள் சேமிப்புப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்.'

நான் கேட்கவே இல்லை. யாரிடமும் கேட்கவில்லை, கனவில்கூடக் கேட்கவில்லை. பழைய நூல்கள் சேமிப்புப் பிரிவு என்று அவர்கள் அழகாகச் சொல்வது பழைய ஹாஸ்டல் மெஸ்ஸை. அரிசி மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது கழித்துப் போட்ட புத்தகங்கள் கிடக்கின்றன. கரையான் தவிர அங்கே வாசகர் கிடையாது. நூலகர் பதவிக்கு ஆள் போடாமல் வருஷக்கணக்காக என்னை இன்சார்ஜாகவே வைத்திருந்தார்கள். என் பெயருக்குப் பின்னால் பதவியும், பதவிக்குப் பின்னால் அடைப்புக்குள், பொறுப்பு என்பதைச் சுருக்கி, ஒரு 'பொ'வும் ஒட்டிக்கொண்டே இருந்தன. அந்தப் 'பொ'வோடுதான் இந்த நூலகத்தை நடத்தினேன். வேடசந்தூர் பக்கத்து மில்களில் வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் டிகிரி படிக்கிற பெண்கள் ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் வந்து கேட்டில் இறங்குவார்கள். அவர்களுக்காக எட்டு மணிவரை திறந்து வைக்க அனுமதி வாங்கியது நான். அந்த நேரத்தில் கவுன்டரில் உட்கார மாட்டோம் என்று மற்றவர்கள் சொன்னபோது நானே உட்கார்ந்தேன். இனிமேல் மையம் ஐந்து மணிக்கு மூடப்படும் என்றும் அதே செய்தியில் ஒரு வரி இருந்தது.

"மேடம், நெசமாவே நீங்களா கேட்டீக?" என்றாள் சண்முகவள்ளி. என் பிரிவு உதவியாளர், சித்தையன்கோட்டையிலிருந்து வருகிறவள். தன் கைபேசியில் அதையே படித்திருந்தாள். அவள் குரலில் இருந்தது வருத்தம்கூட இல்லை, சந்தேகம். இவ்வளவு பேசிவிட்டு நீயும் நைசாக நழுவுகிறாயா என்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னை எழுப்பி நிறுத்தியது. கண்ணுசாமியை அப்படியே விட்டுவிட்டு நிர்வாகக் கட்டடத்துக்கு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. முட்டி வலித்தது. வலிக்கட்டும் என்று வேகமாக நடந்தேன்.

பதிவாளர் சிவபிரகாஷ் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யார் போனாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார், டீ வரவழைப்பார். எனக்கும் எழுந்து நின்றார்.

"நான் எப்ப சார் கேட்டேன்?" என்றேன், உட்காராமலே.

அவர் உண்மையிலேயே முழித்தார். "என்ன மேடம், எல்லாம் பேசித்தான செஞ்சோம். சாருக்கு நானே போன் பண்ணேனே."

"எந்தச் சாருக்கு?"

"உங்க சாருக்குத்தான். கிளெமென்ட் சாருக்கு." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "என் பையன் அவருட்ட படிச்சவன் மேடம், எங்களுக்கு நல்லாப் பழக்கம். இப்படி ஒரு மாற்றம் வருது, மேடத்துக்கு ஒத்து வருமான்னு கேட்டேன். அவளுக்கும் முட்டிவலி, ரொம்ப அலையுறா, மாத்தி விட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்னு அவரே சொன்னாரு. வீட்ல பேசிட்டுத்தான் சொல்றாருன்னு நான் நெனச்சேன்."

"நான் இங்கதான சார் இருக்கேன்? ரோட்டத் தாண்டுனா என் ரூம். எங்கிட்டக் கேக்க வேண்டியதுதான?"

"லேடீஸ்கிட்ட இத நேராச் சொல்லி, மனசு கஷ்டப்பட்டு... அதுக்குத்தான் மேடம் ஒரு மரியாதைக்கு."

மரியாதை! ஆனந்த்ராஜை இயக்குநராகப் போடுவதற்கு முன்னால் அவர் மனைவிக்குப் போன் போட்டு, "அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கு இது ஒத்து வருமா" என்று இந்த மனிதர் கேட்டிருப்பாரா? அவரிடமே இதைக் கேட்டேன். அதற்கு அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு கிடையாது, நல்ல நகைச்சுவையைக் கேட்ட சிரிப்பு. துணைவேந்தர் கையெழுத்துப் போட்டாயிற்று, செய்தியும் வெளியில் போய்விட்டது, இப்போது மாற்றினால் எல்லோருக்கும் தர்மசங்கடம் என்றார். வெள்ளிக்கிழமை எனக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறார்களாம். "சாரையும் கூட்டிட்டு வந்துருங்க. குடும்பத்தோட மேடையில நிக்கணும்" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இது ஒரு வழக்கம். யாரைக் கழற்றி ஓரமாக வைக்கிறார்களோ அவருக்குப் பொன்னாடை உண்டு. அதை ஏற்றுக்கொண்டு ஒரு போட்டோவுக்கு நின்றுவிட்டால் கதை முடிந்தது. அடுத்த மாத மடலில் படம் வரும், அவரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். அப்படிச் சிரித்தவர்களை நானே எத்தனையோ முறை கைதட்டி அனுப்பி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது கிளெமென்ட் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றவர். அதுவரை ஒரு டம்ளரை நகர்த்தி வைக்காதவர் இப்போது பொரியல், கூட்டு என்று வெஞ்சனம் செய்து வைத்துவிட்டு நான் வரும் பஸ்ஸுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டதும், "இன்னைக்கே சீக்கிரம் வந்துட்ட?" என்று முகம் மலரக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எனக்கு வேலை வேணாம்னு சொல்ல நீங்க யாருங்க?"

கத்தியைக் கீழே வைத்தார். "வேலை வேணாம்னு எங்க சொன்னேன்? லேசான எடமாப் பாத்துக் குடுங்கன்னேன். முட்டி வலிக்குதுன்னு நீதான ஜெயா தெனம் பொலம்புற?"

"வலிக்குதுன்னா தைலத்தத் தேய்ச்சு விடணும். வேலையவா புடுங்கி விடுவாங்க?"

"சும்மா கத்தாத. பக்கத்து வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும். ஊருக்கே மடல் அடிச்சு விட்டாச்சு, பக்கத்து வீட்டுக்கு மட்டும் என்ன ரகசியம்?"

அவர் நறுக்கிய வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கினார். பிறகு சொன்னார்: "நீ எட்டு மணிக்கு மேல அங்கிட்டு இருந்து கெளம்பி வார. காலையில இருந்து நான் இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கேன். பேச ஒரு ஆள் இல்ல. உனக்கு அது தெரியுதா?"

தெரியாமல் இல்லை. அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அந்த நேரத்தில் இரக்கம் வந்ததே என் கோபத்தை இன்னும் கூட்டியது. தனியாக இருக்கிறேன், சீக்கிரம் வா என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டுவிட்டு வாரத்தில் இரண்டு நாள் சீக்கிரம் வந்தும் இருப்பேன். என்னிடம் கேட்கக் கூச்சம், பதிவாளரிடம் சொல்லக் கூச்சமில்லை. இரண்டு ஆண்கள் போனில் குசலம் விசாரித்துக்கொண்டே என் நாற்காலியைத் தூக்கி மெஸ்ஸில் போட்டுவிட்டார்கள்.

"இப்பவே போன் போடுங்க. அவளக் கேக்காமச் சொல்லிட்டேன், தப்பு எம்மேலதான்னு சொல்லுங்க."

"அதெப்படிச் சொல்றது? பெரிய மனுசங்கிட்ட ஒண்ணச் சொல்லிட்டு மாத்திப் பேசுனா என் மரியாதை என்னாகுறது?"

மறுபடியும் மரியாதை. நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. வியாழன்வரை அப்படியே இருந்தேன். எனக்குக் கோபம் ஆறிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர், நான் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்றுகூடத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, என் பட்டுச் சேலையையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்திருந்தார். நான் தினமும் வேலைக்குக் கட்டும் நூல் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கருத்தரங்கக் கூடத்து மேடையில் பெரிய பிளக்ஸ். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் திருமண வெள்ளிவிழாவுக்கு மாதா கோயிலில் எடுத்த படம் அது. கிளெமென்ட்தான் அனுப்பியிருக்க வேண்டும். என்னை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள், ஆனாலும் ஓரத்தில் அவருடைய கோட்டுத் தோள் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு நின்றது. அறிவு வள மையத்தின் புதுப் பெயர் மேலே பொன்னிறத்தில் மின்னியது. ஆனந்த்ராஜ் என் பக்கத்து நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். "மேடம், எனக்கே மடலப் பாத்துதான் தெரியும்" என்று காதருகே சொன்னார். பாவம், உண்மையாகத்தான் இருக்கும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆளுக்கு ஆள் என்னைப் புகழ்ந்தார்கள். கடமை தவறாதவர், பொறுமையின் சிகரம். பொறுமையாம்! முன்வரிசையில் கண்ணுசாமியைத் தேடினேன், அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். கடைசியில் பதிவாளர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டே, "மேடம் ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார். கிளெமென்டையும் மேடைக்கு அழைத்து என் பக்கத்தில் நிறுத்தினார்கள். மைக்கைப் பிடித்தேன்.

"இந்த மாற்றத்தை நான் கேட்கவில்லை. கேட்டவர் என் கணவர். அதனால் அந்தப் பழைய மெஸ்ஸுக்கு அவரையே அனுப்பி வையுங்கள்" என்றேன்.

கூடம் அதிரச் சிரிப்பு. மாணவர்கள் விசில் அடித்தார்கள். பதிவாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிளெமென்டும் சிரித்தார், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே. நான் மைக்கை விடவில்லை. சிரிப்பு ஓயட்டும் என்று நின்றேன்.

"நான் ஜோக் அடிக்கல. எங்கிட்ட யாரும் கேக்கல. எங்கிட்டக் கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். இப்பச் சொல்றேன், முடியாது."

முன்வரிசை முதலில் அடங்கியது. பின்வரிசையில் இரண்டு பேர் இன்னும் சிரித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்தினார்கள். சண்முகவள்ளி சுவரோரம் எழுந்து நின்றிருந்தாள். பதிவாளர் விரித்த பொன்னாடையோடு கைகளை நீட்டியபடியே நின்றார். அதை அவரிடமிருந்து வாங்கி கிளெமென்டின் தோளில் போட்டுவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் யாரோ மைக்கில் நன்றியுரை என்று முனகுவது கேட்டது.

நூலகத்துக்கு நேராகப் போனேன். மாடிப்படியில் என் முட்டி ஒவ்வொரு படிக்கும் முனகியது. விழா முடிவதற்குள் வேலையை முடித்துவிடச் சொல்லியிருப்பார்கள் போல. என் அறை வாசலில் பராமரிப்புப் பிரிவு பொன்னழகு ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தார். என் பெயர்ப்பலகையின் இடது பக்கத் திருகாணி கழன்றிருந்தது. வலது பக்கத் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தினார். பலகை சரிந்து, பெயர் கீழ்நோக்கித் தொங்கியது.

"மேடம்... நாளைக்கே செய்யணும்னாங்க, அதான் இன்னைக்கே..." என்று ஏதோ உளறினார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. பதிவாளர் வந்தார், ஆனந்த்ராஜ் வந்தார், பின்னால் தோளில் என் பொன்னாடையோடு, மூச்சு வாங்க, கிளெமென்ட் வந்தார். நான் கதவுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"பலகைய மாட்டுங்க பொன்னழகு" என்றேன்.

பொன்னழகு என்னைப் பார்த்தார். பதிவாளரைப் பார்த்தார், பதிவாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலைக்கு மேலாக, பின்னால் நின்ற கிளெமென்டைப் பார்த்து ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"சார், கழட்டவா? முடுக்கவா?"

நான் திரும்பினேன். கிளெமென்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்து, திறந்தபடியே நின்றார். எங்களுக்கு மேலே, ஒற்றைத் திருகாணியில், பலகை இன்னும் கொஞ்சம் சரிந்தது.