திகதி இடாத படிவம்

சுகிர்தன் தன் முதலாவது மோட்டார் சைக்கிளை முப்பத்தோராவது வயதில் வாங்கினான். நூறு சீசீ. பழகுபவன் செய்யும் பிழைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் சிறிய வண்டி. நான்கு ஆண்டுகளில் அவன் அதிலிருந்து இரண்டு தடவை விழுந்தான்; இரண்டு தடவையும் வண்டி நின்ற பிறகே விழுந்தான். வெள்ளவத்தையிலிருந்து புதுக்கடைக்குப் போய்வரத் தனி ஒருவனுக்கு அது போதுமாக இருந்தது. மனைவி மிதுனாவுக்கு இரத்மலானையில் வேலை கிடைத்ததும் போதாமற் போயிற்று. காலையில் அவளைத் தெற்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதே காலி வீதியில் வடக்கே திரும்பி நீதிமன்றம் தொடங்குமுன் அவன் புதுக்கடையில் இருக்க வேண்டும். இரண்டு பேரைச் சுமந்துகொண்டு தெகிவளை மேம்பாலத்தில் ஏறும்போது, பின்னால் வரும் பஸ்கள் அந்த வண்டியை ஒரு வண்டியாகவே மதிப்பதில்லை.

புதிய வண்டியின் விலை அவர்களுக்கு எட்டவில்லை. ஆகவே பழையதொன்றை, ஆனால் இருநூறு சீசீக்குக் குறையாததை, எடுப்பதென்று முடிவாயிற்று. சுகிர்தன் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் உள்ளதைத் தமிழிலும் தமிழில் உள்ளதைச் சிங்களத்திலும் எழுதி, சரியென்று உறுதிசெய்து, முத்திரை குத்திக் கொடுப்பது அவனுடைய தொழில். எதையும் பட்டியலிட்ட பிறகே அவனால் யோசிக்க முடியும். வண்டியில் பார்க்க வேண்டிய இருபத்தொரு விடயங்களை ஒரு தாளில் எழுதினான். எல்லாவற்றுக்கும் மேலே, இலக்கம் இடாமல், ஒரு வரி இருந்தது: என் பெயருக்கு மாற வேண்டும்.

அந்த வரி உண்மையில் அவனுடைய தகப்பனார் இரத்தினசிங்கத்துக்கு உரியது. கொழும்பில் பழைய வாகனங்கள் பெரும்பாலும் திறந்த பேப்பரில் கைமாறுகின்றன. விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் எழுதாமல், வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். வண்டி நாலு பேரிடம் ஓடும். பதிவுப் புத்தகத்தில் முதலாமவரே உரிமையாளராக இருப்பார். போர்க்காலத்தில் இரத்தினசிங்கம் தம்முடைய வானை அப்படித்தான் விற்றார். பத்து மாதங்களின் பின்னர் அந்த வான் நகரத்தில் நிற்கக் கூடாத ஓர் இடத்தில் ஆளில்லாமல் நின்றது. யாருடைய பெயரில் இருக்கிறதென்று பார்த்தார்கள். தமிழ்ப் பெயராக இருந்தது. பதினேழு மாதங்கள் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகு அதைப்பற்றி அவர் அதிகம் கதைத்ததில்லை. வீட்டில் யாராவது வாகனம் என்ற சொல்லை எடுத்தால், பேப்பர் ஆரின்ரை பேரில இருக்கு என்று மட்டும் கேட்பார்.

முதலில் பார்த்த வண்டியின் சாசி இலக்கம் இருந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்து, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். இரண்டாவதில் இலக்கம் சரியாக இருந்தது. ஆனால் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்தபோது சுட்டது. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறதென்று பார்க்கத்தான் காலையிலேயே போயிருந்தான். வெயில்தான் காரணம் என்றார் விற்பவர். வண்டி மாமர நிழலில் நின்றது.

மூன்றாவது வண்டி கொட்டாஞ்சேனையில், தரகர் புவாதின் முற்றத்தில் இருந்தது. கருநீலம். எஞ்சின் குளிர்ந்திருந்தது, பட்டனை ஒரு தடவை அழுத்தியதும் கிளம்பியது. புகை இல்லை. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. சங்கிலி சிறிது தொய்ந்திருந்தது. பின் டயர் மழைக்காலம் வருமுன் மாற்ற வேண்டியது. வீதியில் ஒரு சுற்று ஓடிப் பார்த்தான். கிளச்சை விட்ட கணத்திலேயே வண்டி அவனைக் கேளாமல் முன்னே பாய்ந்தது. பழைய வண்டியைப் போல இது எதையும் பொறுத்துக்கொள்ளாதென்று தெரிந்தது. அதனாலேயே பிடித்தும் போயிற்று.

புவாத் பேப்பர்களைக் கொண்டுவந்து கொடுத்தார். படிவத்தில் யோசப் கிஷாந்த் என்பவரின் நன்கு பழகிய கையெழுத்து நீல மையில் இருந்தது. பெயரும் திகதியும் இருக்க வேண்டிய இடங்கள் வெறுமையாக இருந்தன. உடன் இருந்த அடையாள அட்டைப் பிரதி, பிரதியின் பிரதி. முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் தெரிந்தது.

"ஓப்பன் பேப்பர் தானே சேர். மூணு பேர் ஓடியாச்சு, ஒரு பிரச்சினயும் வரல்ல. நீங்களும் ஓடுங்க, வெறுத்தா அப்படியே வித்துடுங்க. கொழும்புல பாதி வண்டி இப்பிடித்தான் ஈக்கி."

தான் அந்தப் பாதியில் சேர விரும்பவில்லை என்றான் சுகிர்தன். கையெழுத்து வைத்தவரை நேரில் கண்டு, தெளிவான பிரதியொன்றும் வாங்கிய பிறகே வண்டியை எடுப்பதாகச் சொன்னான். பொண்ணு பார்க்கப் போறவனும் இவ்வளவு விசாரிக்க மாட்டான் என்றார் புவாத். பிறகு விலாசம் பேப்பரிலேயே இருக்கிறது, நடந்தே போகலாம் என்றும் சொன்னார்.

வீடு, தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த ஒழுங்கையில் இரண்டாம் மாடியில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. மேசை நிறையச் சோற்றுப் பார்சல்கள். புறக்கோட்டைக் கடைகளுக்கு மதியச் சோறு அனுப்பும் வீடு என்று பார்த்ததும் தெரிந்தது. இமெல்டா என்ற அந்தப் பெண்மணிக்கு அறுபது வயது இருக்கலாம். அவன் வந்த காரணத்தைச் சொல்லி முடிக்குமுன், வண்டியின் இலக்கத்தை அவரே சொன்னார்.

"ஓடுதா தம்பி அது?"

"நல்லா ஓடுது, அன்ரி. மகனைக் காணத்தான் வந்தனான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாயிரத்து இருபத்திரண்டில், எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற அந்த ஆடியில், கிஷாந்த் வண்டியை விற்றான். ஆவணியில் ஒரு முகவர் மூலம் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டான். புரட்டாதியில், பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒரு நாட்டின் எல்லையிலிருந்து, வேறொருவரின் தொலைபேசியில் பேசினான். குளிராக இருக்கிறது, நாளைக்கு நடக்கப் போகிறோம் என்றான். அவ்வளவுதான். காணாமற்போனவர்களை வெளிநாடுகளில் விசாரித்துத் தேடும் அலுவலகமொன்றில் அவனுக்காக ஒரு விசாரணைக் கோவை திறக்கப்பட்டிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இமெல்டா அங்கே போவார். ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கோவை திறந்திருக்கும்வரை தூதரகங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று அங்கேயிருந்த ஓர் அம்மா சொல்லியிருந்தார். அந்தக் கோவை மூடப்படாமல் இருந்தால் போதும் என்றார் இமெல்டா. இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் மாற்றம் எதுவும் இருக்கவில்லை. பலருக்குப் பல தடவை சொல்லியிருந்தார்.

சுகிர்தன் படிவத்தைக் காட்டினான். அவர் கையெழுத்தைத் தொடாமல், அதற்கு மேலே விரலைப் பிடித்தபடி பார்த்தார்.

"எப்ப வச்சான் இத?"

"வித்த அண்டைக்கு, அன்ரி. மூண்டு வருசத்துக்குக் கிட்ட."

"தேதி இல்லையே."

"போடாமத்தான் குடுக்கிறவை."

அப்போதே நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டிருக்கலாம். கையெழுத்து உண்மையானதென்று தாயே சொல்லிவிட்டார். அலமாரியிலிருந்து தெளிவான அடையாள அட்டைப் பிரதியொன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆனால் வெற்றிடத்தை நிரப்பாமல் பெயர் மாற்ற முடியாது. உண்மையான திகதியை எழுதினால், இடைப்பட்ட காலத்தில் ஓடியவர்கள் யார் என்ற கேள்வி வரும். அதற்கு விடை கிடையாது. எல்லோரும் விண்ணப்பிக்கும் நாளின் திகதியையே எழுதுகிறார்கள். இதை அவரைக் கேட்காமல், வீட்டுக்குப் போய் எழுதுவது சுகிர்தனுக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. ஒரு பொய்யையும் முறைப்படி, உரியவரின் சம்மதத்தோடு செய்ய வேண்டும் என்று நினைத்தான்.

"இண்டைய திகதிதான் போட வேண்டி வரும், அன்ரி. உங்களுக்குச் சம்மதமோ?"

"போடுங்க தம்பி. அதுக்கென்ன."

பேனையை எடுத்து, அதே நீல மைதானா என்று வேறொரு தாளில் கீறிப் பார்த்துவிட்டு, 2025.03.15 என்று எழுதினான். எண்கள் ஒரே அளவாக வந்தன. இமெல்டா அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கி வச்ச மாதிரியே இருக்கு" என்றார்.

தனக்கொரு பிரதி தர முடியுமா என்றும் கேட்டார். மகன் போகும்போது பாடசாலைக் கொப்பிகளைக்கூட எரித்துவிட்டுப் போனான். அவன் கையால் எழுதியது வீட்டில் வேறொன்றும் இல்லை. சுகிர்தன் கீழே இறங்கி, சந்தியிலிருந்த கொமியுனிகேஷன் கடையில் இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு மறுபடி மாடியேறினான். அதற்காக அவர் அவனுக்கு ஒரு சோற்றுப் பார்சலைத் தந்தார். மறுக்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் பதிவுப் புத்தகம் அவனுடைய பெயரில் வந்தது. இரத்தினசிங்கம் அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார், பின்பக்கத்தையும் பார்த்தார். சரி என்று திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டை எவரும் பெற்றதில்லை. தெகிவளை மேம்பாலத்தில் மிதுனாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏறும்போது பஸ்கள் பின்தங்கின. மழைக்கு முன்னர் பின் டயரையும் மாற்றினான்.

ஒக்டோபரில் ஒரு முற்பகல், புதுக்கடையில் அவனுடைய அறை வாசலில் இமெல்டா நின்றார். கையில் ஒரு கடித உறை இருந்தது. சிங்களத்தில் வந்திருக்கிறது, பேச வரும், ஆனால் இந்தச் சிங்களம் வாசிக்க வராது என்றார். புதுக்கடையில் இந்த வேலைதான் செய்கிறதாக அன்றைக்குத் தம்பி சொன்னது நினைவு வந்ததாம். காசு எவ்வளவென்று சொன்னால் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னார்.

சுகிர்தன் கடிதத்தை விரித்தான். எட்டு வரிகள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவன் முதலில் கவனித்தது, அது நன்றாக எழுதப்பட்ட கடிதம் என்பதை. தேவையற்ற சொல் ஒன்றும் அதில் இல்லை. உங்களால் செப்டெம்பர் மாத விசாரணையின்போது சமர்ப்பிக்கப்பட்ட உரிமை மாற்றப் படிவத்தின் பிரதியின்படி, மேற்குறித்த யோசப் கிஷாந்த் 2025.03.15ஆம் திகதி கொழும்பில் கையெழுத்திட்டுள்ளார். வாகனப் பதிவேடும் அத்திகதியை உறுதிப்படுத்துகிறது. ஆகவே அவர் வெளிநாட்டில் காணாமற்போனவராகக் கருதப்பட மாட்டார். அவருடைய கோவை இத்துடன் மூடப்படுகிறது.

அந்தப் பிரதியை அலுவலகத்தில் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டான். கையெழுத்து உள்ள எதையாவது கொண்டுவரும்படி கேட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம், வீட்டில் அது ஒன்றுதானே இருந்தது என்றார் இமெல்டா. பிறகு காத்திருந்தார். சுகிர்தன் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தான். அது மாறவில்லை.

"கோவையை மூடிட்டினமாம், அன்ரி."

"ஏன்?"

அவன் திகதியைச் சொன்னான். இமெல்டா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வழக்காளிகளின் பெயர்களை யாரோ உரத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கி நீங்க எழுதினது தானே தம்பி அது?"

"ஓம், அன்ரி."

"அப்ப நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா, அவங்களுக்கு விளங்கும்."

எழுதிக் கொடுப்பதாகச் சொன்னான். கடிதத்தின் மொழிபெயர்ப்பைத் தட்டெழுதி, சரியான மொழிபெயர்ப்பு என்று உறுதிசெய்து, முத்திரை குத்தி, அன்றைய திகதியை இட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. இமெல்டா இரண்டு தடவை வற்புறுத்திப் பார்த்துவிட்டு, பணத்தைக் கைக்குட்டையில் மறுபடி முடிந்துகொண்டார்.

பிற்பகலில் ஒரு சத்தியக் கடதாசியை எழுதினான். மேற்படி படிவத்தில் கையெழுத்து 2022ஆம் ஆண்டு இடப்பட்டது. திகதியை எழுதியவன் நானே. எழுதும்போது அது உண்மையல்ல என்பதை அறிந்திருந்தேன். மூன்று பந்திகள். பிழையில்லாமல் வந்தது. அடுத்த அறையில் இருந்த சட்டத்தரணி, கூட்டாளி சப்ரியிடம் வாசிக்கக் கொடுத்தான். சப்ரி நின்றபடியே வாசித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மச்சான், பொய்த் திகதி போட்டது நாந்தானெண்டு நீயே எழுதி நீயே கையெழுத்து வைக்கிற. சீல் போயிரும். பதிவையும் ரத்துச் செய்வாங்க. கேஸ் போட்டா வாதாட எனக்கு ஒண்டும் மிச்சமில்ல. நல்லா எழுதி ஈக்கிற, அதுதான் கரச்சல்."

வீட்டில் அவன் இதைச் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, வண்டியில் ஏதும் பிரச்சினையோ, முகம் சரியில்லை என்று மிதுனா கேட்டாள். சங்கிலி கொஞ்சம் இறுக்க வேணும் என்றான். தகப்பனார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பேப்பர்தான் சரியாக இருக்கிறதே என்பதுபோல மறுபடி சாப்பிடத் தொடங்கினார். சீல் போனால் மாத வருமானம் எவ்வளவு குறையும் என்று சுகிர்தனால் உடனே சொல்ல முடியும். இன்னொரு பொலிஸ் நிலையத்தில், இன்னொரு வாகனத்தின் பொருட்டு, இந்த வீட்டுப் பெயர் எழுதப்பட்டால் அந்த மனிதர் என்ன செய்வார் என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவன் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தான். அதுவரை சந்தேகம் இருக்கவில்லை. அதை உறுதிப்படுத்த வேண்டிய சமாதான நீதவானின் அறை அதே தளத்தில் இருந்தது. இருபது அடி நடந்தால் போதும். கொண்டுபோகிற நாளில் திகதியைப் போடலாம் என்று நினைத்து, அந்த இடத்தை வெறுமையாக விட்டு, தாளை மேசை லாச்சியில் வைத்தான்.

இமெல்டா வெள்ளிக்கிழமைகளில், சோற்றுப் பார்சல்கள் போன பிறகு, தொலைபேசியில் கூப்பிடுகிறார். அலுவலகத்தில் குடுத்தாச்சா தம்பி என்று கேட்கிறார். எழுதியாச்சு அன்ரி, கையெழுத்தும் வச்சாச்சு என்கிறான் அவன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வைக்கிறார். நவம்பரில் நான்கு வெள்ளிக்கிழமைகள் இருந்தன.