அக்காவைப் பாரு

அந்தப் புருவம் பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் நூல் இல்லை, விரல்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை இரண்டு கை விரல்களில் முறுக்கிப் புருவம் திருத்துவதில் அந்த அழகு நிலையத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அன்றைக்கு வலது கட்டைவிரல் மடங்கினது மடங்கினபடி பூட்டிக்கொண்டது. நூல் தறிகெட்டு ஓடியது. வந்த அம்மாளின் இடது புருவத்தில் பாதியைக் காணோம். கண்ணாடியைப் பார்த்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

முதலாளியம்மா பென்சிலால் புருவத்தை வரைந்து ஆளை அனுப்பிவிட்டு வந்து, இன்னொரு தரம் இப்படி நடந்தால் துண்டு துவைக்கப் போகலாம் என்றாள்.

எல்லாம் அந்த ஹார்மோன் மாத்திரை செய்த வேலை. மார்பில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்தாயிற்று. அது மறுபடி தலைகாட்டாமல் இருக்க ஐந்து வருடம் தினமும் ஒன்று. சின்னச் சின்ன அசௌகரியம் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். காலையில் வெந்நீரில் ஊறினால்தான் விரல் நிமிரும். திடீரென்று கழுத்திலிருந்து உச்சந்தலைக்கு நெருப்பு ஏறும். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு அடுப்பு என்றே பேர் வைத்து, அவள் உள்ளே நுழைந்தாலே ஏசியைக் கூட்டினார்கள்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது, நடந்தால் சரியாகும் என்றாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஓடாமல் நின்றால் எந்த இயந்திரமும் இறுகத்தான் செய்யும், நட, நட என்றான்.

புருவம் போன மறுநாள், அவன் வேலைக்குக் கிளம்பியதும் அவள் மாத்திரையை சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்தாள். அதற்கடுத்த நாளும். மாதம் திரும்புவதற்குள் விரல்கள் பழையபடி பறந்தன. வேலை தப்பியது.

புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் மனசுதான், பழகிக்கொண்டால் ஒன்றுமே இல்லை என்று ஊரெல்லாம் சொன்னான். அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

அப்புறம்தான் அவள் தங்கைக்கும் அதே நோய் வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே மாத்திரை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் பேனாவை இரண்டு கையாலும் பிடித்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். தங்கை புருஷனுக்கு அக்கா புருஷன் போனிலேயே பாடம் எடுத்தான்: செல்லம் கொடுக்காதீங்க சகலை, எங்க வீட்டைப் பாருங்க.

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் தங்கை வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நான் நடிக்கிறேனாம். எங்க வீட்டுக்காரர் உன்னைக் காட்டித்தான் சொல்றார். எழுந்திரிக்க முடியலைன்னா, அக்காவைப் பாருங்கறார். நீ எப்படிக்கா தாங்கின?"

நூல் வாயில் இருந்தது. பதில் சொல்லாமல் தப்பித்திருக்கலாம். எடுத்தாள்.

"நான் தாங்கலைடி. நிறுத்திட்டேன்."

கண்ணாடியில் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தாள். தங்கை சிரித்தாள். எத்தனையோ நாளாகச் சிரிக்காத சிரிப்பு.

"அப்ப நானும் இன்னிக்கே நிறுத்திடறேன்."

அவள் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினாள். "பைத்தியமாடி? திரும்ப வந்துடும்."

"உனக்கு வராதா?"

அவள் நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"நீ போட்டா நானும் போடறேன். இல்லைன்னா இல்லை. எல்லாரும் உன்னைப் பார்க்கத்தானே சொல்றாங்க, பார்க்கறேன்" என்றாள் தங்கை.

மறுநாளே இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். முன்னமே சொல்லியிருந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றியிருப்பேனே என்று அவள் கடிந்துகொண்டாள். சொன்னோம், நடக்கச் சொன்னீர்கள் என்றாள் அக்கா. டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதினாள். இது ஒத்துக்கொள்ளலாம், இதிலும் வலிக்கலாம். வலித்தால் நிறுத்தாமல் என்னிடம் வந்து நிற்கணும் என்றாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். பயந்துவிட்டான் என்று அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"இப்ப சகலை மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றான்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். செல்போன் அடித்தது. வீடியோவில் தங்கை; உள்ளங்கையில் மாத்திரை.

"நீ முதல்ல போடு."

போட்டாள். தண்ணீர் குடித்தாள்.

"வாயைத் திற."

"என்னடி இது?"

"திற."

திறந்தாள்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினாள். தங்கை திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு தன் மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள். போனை வைத்தாள்.