எழுதாத பக்கத்தில் கையெழுத்து

என் அப்பா லாசர் இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். இரண்டு முறையும் சொந்தக் கட்சிக்காரர்களிடமே கெட்ட பெயர் வாங்கியவர். புதிதாக ஒரு சட்டம் வந்தால் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். இவர் மட்டும் எழுந்து, இதை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு தாசில்தார் என்ன செய்வார் என்று யோசித்தீர்களா என்று கேட்பார். மூன்றாவது முறை சீட்டுக் கிடைக்கவில்லை. இரண்டு முறை கிடைத்ததுதான் ஆச்சரியம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருடைய சந்தேகம் கட்சி பார்க்காது. ஊருக்குப் புது ரோடு வந்தால்கூட, யார் கேட்டார்கள் என்பார். இருப்பதை மாற்ற வருகிறவன்தான் காரணம் சொல்ல வேண்டும், இருக்கட்டும் என்கிறவன் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் வாதம். நான் ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கு நின்றபோது ஓட்டுக் கேட்டு ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. ஜெயித்து மாலையோடு வந்து நின்றால், "இனிமே நீயும் அரசாங்கம், அமலா. நான் பார்த்துதான் பேசணும்" என்றார். மகளிடம் பேசுகிற பேச்சா அது? அன்றைய கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி. ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் போகிற வாய்க்கால், கம்பெனியின் பின்கேட்டை ஒட்டி வந்து கிழக்குத் தெரு ஓரமாகப் போகிறது. அந்த வாய்க்காலைக் குழாயில் விட்டு மூடி, மேலே லாரிப் பாதை போட வேண்டும் என்று கம்பெனி கேட்டது. ஊருக்கு ஆட்சேபணை இல்லையென்று மே தினக் கிராம சபையில் தீர்மானம் தந்தால், எங்கள் ஊர்க்காரர்கள் முப்பது பேரைக் கான்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னார்கள். தராவிட்டால் வேறு ஊர் பக்கம் பாதை பார்த்துக்கொள்வார்களாம்.

அவர்களிடம் நான் ஒரு டம்ளர் காபிகூட வாங்கிக் குடிக்கவில்லை. என் கண் முன்னால் இருந்தது கிழக்குத் தெருக் கனகத்தின் மகன் பாபு. அந்தக் கம்பெனியில் நாலு வருஷமாக ஒரே லைனில் நிற்கிறான். பதினோரு மாசம் ஆனதும் வெளியே அனுப்பி, பத்து நாள் கழித்துப் புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்கிறார்கள். நிரந்தர வேலை இல்லையென்று பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை. வாய்க்கால் என்ற பேச்சை எடுத்தால், மழையில் கிழக்குத் தெரு மூழ்கும் என்று சபையில் ரகளையாகும், தீர்மானம் நிறைவேறாது. அதனால் சத்தமில்லாமல் முடித்துவிட நினைத்தேன்.

முடிப்பது கஷ்டமில்லை. எங்கள் ஊரில் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வந்ததும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கையெழுத்துக்கு முன்னால் உள்ள பக்கங்கள் வெறுமையாக இருக்கும். கூட்டம் கலைந்த பிறகு ஊராட்சிச் செயலர் எழிலரசன் சாவகாசமாக உட்கார்ந்து தீர்மானங்களை எழுதுவார். எனக்கு முந்தைய தலைவர் காலத்திலும் இதே வழக்கம்தான். யாரும் தப்பாக நினைத்ததில்லை. வாய்க்கால் தீர்மானத்தையும் அப்படியே சேர்த்து எழுதிவிடலாம் என்று இருந்தேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அப்பா சாப்பிட்டுக்கொண்டே, வாய்க்கால் ஓரம் எவனோ அளந்துகொண்டிருந்தானே, என்ன சங்கதி என்று கேட்டார். தூர் வாரப் போகிறார்கள் என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மோர் கேட்டார்.

மே தினத்தன்று பந்தலில் நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பர்மனென்ட் ஆட்களுக்கு லீவு. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஓ.டி. என்பதால் ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க யூனிஃபார்மிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் தலைவரான பிறகு ஒரு கூட்டத்துக்கும் வராத அப்பா அன்றைக்கு வந்தார். எழிலரசன் பேனாவை நீட்டியதும் அப்பா புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினார். வெற்றுப் பக்கங்கள். எழுதி முடித்துவிட்டுக் கூப்பிடு, போடுகிறேன் என்று சொல்லி முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

குடிநீர், தெருவிளக்கு, குப்பை வண்டி என்று வேகமாகப் பேசி முடித்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தபோது அப்பா எழுந்தார்.

"தலைவர் அம்மா, நீங்க பேசினத இப்பவே எழுதிப் படிச்சிடுங்க. கடைசில ஒரு கோடு போட்டு மூடிடுங்க. அதுக்கப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்."

எழிலரசன் என்னைப் பார்த்தார். வாய்க்கால் தீர்மானத்தின் வரைவு என் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தது. பின்னாலிருந்து முணுமுணுப்புக் கிளம்பியது. பஸ் போய்விடும் என்றார்கள், பசிக்கிறது என்றார்கள். உங்கள் பெண்தானே பெரியவரே, அப்புறம் என்ன என்று ஒருவர் சிரித்தார்.

"என் பொண்ணுதான். இன்னிக்கு இவ ஒக்காந்துகினு கீறா. நாளைக்கு அந்த நாற்காலில எவன் ஒக்காருவான்னு உனக்குத் தெரியுமா? வெத்துப் பக்கத்துல கையெழுத்து வாங்கற பழக்கம் நல்லவங்களோட நின்னுடாது."

"நைனா, உங்களுக்கு என்மேல நம்பிக்கை இல்லியா?" என்று அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

மைக் ஆனில் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

"நம்பிக்கையெல்லாம் வூட்ல, அமலா. இங்க படிச்சிக் காட்டு."

நான் தப்பித்திருக்கலாம். குடிநீரையும் விளக்கையும் மட்டும் எழுதிக் கோடு போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் முப்பது பேருடைய வேலை அதோடு போயிருக்கும். அதைவிட, ஊர் முன்னால் என்னைத் திருடியைப்போல நிற்க வைத்துவிட்டார் என்ற ஆத்திரம். நேர்மையால் அல்ல, அந்த ஆத்திரத்தில்தான் மடித்த தாளை எடுத்து மைக்கில் படித்தேன். வாய்க்கால், குழாய், லாரிப் பாதை, ஆட்சேபணை இல்லை என்பதுவரை ஒரு வரி விடாமல் படித்தேன். முப்பது பேருக்கு வேலை என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. வாய்ப்பேச்சாகவே இருந்தது அது. எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நான் பயந்த ரகளை நடக்கவில்லை. கனகம் எழுந்து மேசைக்கு வந்தாள். அவள் வீடு கிழக்குத் தெருவில் வாய்க்காலை ஒட்டியது. பெருமழையில் இரண்டு நாள் மொட்டைமாடியில் கிடந்தவள்.

"பாபுவுக்காகவா பண்ண?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவளாவது புரிந்துகொண்டாளே என்று உயிர் வந்தது எனக்கு.

"எங்களுக்காகன்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. நாலு வூடு தள்ளித்தானே கீறேன்."

புத்தகத்தை இழுத்துத் தன் பெயரைத் தேடி, பேனாவை அழுத்தி அடித்தாள். அப்படியெல்லாம் அடிக்கக் கூடாது என்று எழிலரசன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. பாபு மட்டும் வரவில்லை. தன் கையெழுத்தை அடிக்கவுமில்லை, என் பக்கம் திரும்பவுமில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

பந்தல் காலியானபோது அப்பா அதே நாற்காலியில் இருந்தார். ஜெயித்த முகத்தோடு பார்ப்பார், நன்றாகச் சண்டை போடலாம் என்று நினைத்துக் கிட்டே போனேன்.

"நீங்க சந்தேகப்பட்ட மாதிரியே ஆயிடுச்சு. சந்தோஷமா நைனா?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இத்தினி வருஷமா எவனையும் நம்பாமத்தான் கேள்வி கேட்டேன். நம்ம சந்தேகம் பொய்யாப் போகணும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. தூர் வார்றாங்கன்னு நீ சொன்னப்புறம், ரெண்டு நாளா அத மட்டும்தான் வேண்டிக்கினு இருந்தேன்."