ஹால்வர் நெஸ் ஓடிப்போனதாகச் சொல்லும் பலகை

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஆர்விட் நெஸ்ஸின் கோதுமை வயலை ஒட்டி நெடுஞ்சாலை போகிறது. குடியேற்றத்தின் நூற்றாண்டுக்காக அங்கே ஒரு வரலாற்றுப் பலகை நட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஆர்விட் போய்ப் படித்தார். கடைசி வரியில் அவருடைய தாத்தா இருந்தார்.

"1887 புல்வெளித் தீயில் ஹால்வர் நெஸ் குதிரைகளோடு தப்பியோடினார். உதவியின்றி லார்சன் குடும்பத்தில் நால்வர் மாண்டனர்."

எழுபது வயது மனிதர் அதை இரண்டு முறை படித்தார். நேரே வரலாற்றுக் குழுவின் மார்லிஸிடம் போனார். பள்ளியில் கூடப் படித்தவள்.

"தாத்தா ஓடல மார்லிஸ். தீ வர்ற பாதைய உழுது மறிக்கணும்னு, ஏர் இரவல் வாங்கிக் குதிரைகள்ல பூட்டிட்டு வர ரெண்டு மைல் போனாரு. திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இதச் சொல்றப்பல்லாம் அவருக்குக் கை நடுங்குமாம்."

"யாராவது எழுதி வச்சிருக்காங்களா?"

"எழுதுற கையா அது? ஏர் புடிச்ச கை."

"லார்சனோட தம்பி எழுதியிருக்காரே." கடிதத்தின் நகலை அவர் பக்கம் நகர்த்தினாள். "நான் உன்னை நம்புறேன், ஆர்விட். குழுவுக்குக் காகிதம் வேணும்."

தேவாலயப் பதிவேட்டில் ஞானஸ்நானமும் சாவும்தான் இருந்தன. ஏர் கொடுத்த குடும்பம் ஆரிகன் மாநிலத்துக்குப் போயிருந்தது. அவர்களுக்குப் போட்ட கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

ஒருநாள் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனார். உடைத்தால் ஊர் என்ன சொல்லும்? பேரனுக்கே உண்மை சுட்டுவிட்டது என்றுதான் சொல்லும். சம்மட்டியைக் கீழே வைக்கவும் முடியாமல், ஓங்கவும் முடியாமல் வெகுநேரம் நின்றுவிட்டு வீடு திரும்பினார்.

அறுவடை சமயத்தில் வெளியூர்க் கார் ஒன்று பலகையருகே நின்றது. கணவனும் மனைவியும் இறங்கினார்கள். கணவன் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"பலே ஆளு! குதிரைய மட்டும் காப்பாத்தியிருக்கான் பாரேன்."

வேலியோரம் நின்ற ஆர்விட் வாயைத் திறந்தார். ஏர், இரண்டு மைல், நடுங்கும் கை... எங்கிருந்து தொடங்குவது? அதற்குள் அந்தப் பெண் புன்னகையோடு கேமராவை நீட்டினாள்.

"ஐயா, எங்கள ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா? பலகையும் தெரியணும்."

அவர் வாங்கிக்கொண்டார். சற்றுப் பின்னால் நகர்ந்து, பலகை முழுக்கத் தெரிகிறதா என்று பார்த்து, பொத்தானை அழுத்தினார்.