ஜாசிரா மரம்

மழைக்காலத்தில், எங்கள் காட்டில் வானுயரம் வளரும் காஸ்தான்யா மரத்தடியில் யாரும் நிற்க மாட்டோம். உள்ளே பருப்பை வைத்துக்கொண்டு, தேங்காய் கனத்தில் கெட்டி ஓட்டோடு வரும் காய், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் மண்டை தங்காது. காற்று அடங்கும்வரை தள்ளி நின்று, அப்புறம்தான் கூடையோடு ஓடிப் பொறுக்குவோம். "மரத்தடிய விட்டு வாங்க" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் ஒரு மரத்துக்கு அதன் பெயரை வைப்போம். அந்த மரத்துக் காய் அந்தப் பிள்ளைக்கு. எங்கள் ஜாசிரா சின்ன வயதிலேயே மலேரியாவில் போய்விட்டாள். மரம் இருந்தது. அதன் பருப்பை விற்க என் வீட்டுக்காரர் அர்லிந்து விடவே மாட்டார். அரைத்துப் பாலெடுத்துக் கஞ்சி காய்ச்சி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுவார். "எம் மக விருந்து வைக்கிறா" என்பார்.

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் காட்டை மாட்டுப் பண்ணைக்கு விற்றார்கள். நடுவில் நாங்கள் மட்டும் எத்தனை நாள் தாங்குவது? அர்லிந்துவும் கைநாட்டு வைத்தார், ஒரே நிபந்தனையோடு.

"எல்லாத்தையும் வெட்டிக்குங்க. ஜாசிரா மரத்த மட்டும் தொடாதீங்க. காய் பொறுக்க என்னை விடணும்."

பண்ணைக்கார ஒஸ்மார் சிரித்தார். "யோவ், காஸ்தான்யாவ வெட்டுனா சர்க்கார் என்னைத்தான்யா உள்ள தள்ளும். வேற ஏதாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

அர்லிந்துவுக்கு அதுவே பெரிய சந்தோஷம். பைத்தியக்கார மனுஷன்.

காட்டை வெட்டிக் கொளுத்திப் புல் விதைத்தார்கள். எங்கள் நிலத்தில் இருந்த காஸ்தான்யா அது ஒன்றுதான்; வெட்டவெளியில் ஒற்றையாய் நின்றது. அந்த மழையில் காய் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"பாத்தியா புள்ள? எம் மக கைவிடல" என்று கூடை கூடையாய்ச் சுமந்து வந்தார்.

காஸ்தான்யாப் பூ காயாகி விழ ஒரு வருஷத்துக்கு மேலாகும். அதெல்லாம் காடு இருந்தபோது பூத்த பூ. அவருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்.

காடு போன பிறகும் மரம் பூத்தது. ஆனால் மூடிக் கிடக்கும் அந்தப் பூவைத் திறந்து உள்ளே போய்க் காய்பிடிக்க வைக்கும் பெரிய வண்டு காட்டில்தான் குடியிருக்கும். பூவெல்லாம் உதிர்ந்து புல்லில் கிடந்தது. மாடு மிதித்தது. அடுத்த மழைக்கு ஒரு காய்கூட இல்லை.

"வண்டு வரலையேய்யா" என்றேன்.

"வரும் புள்ள. வழி தெரியாம சுத்திக்கிட்டிருக்கும். அடுத்த வருஷம் பாரு."

அடுத்த வருஷமும் பார்த்தோம். அதற்கடுத்த வருஷமும்.

போன மழைக்காலத்தில், ஜனவரியில் பெருமழை. காற்று கூரையைப் பிய்த்துவிடும் போலிருந்தது. ஆளைக் காணோமே என்று தேடிப் போனேன். மழைக்கு ஒதுங்கிய மாடுகளுக்கு நடுவில், ஜாசிரா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பிகூட இல்லை. மடியில் வெறுங்கூடை. மேலே கிளைகள் பேயாட்டம் ஆடின.

பழக்கதோஷத்தில் கத்த வாயைத் திறந்தேன். என்ன சொல்லிக் கத்துவது? அவர் தலையில் விழ அங்கே ஒன்றுமே இல்லை.