அறுபத்தோராம் ஆண்டுப் படத்தில் இல்லாதவள்

புலம்பெயர்ந்து வந்த பிரெஞ்சு நகரத்தில், ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியின் பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் ஜெயனி சேர்ந்து இரண்டு வருடம். பள்ளியின் நூற்றாண்டுக்குக் கண்காட்சி வைக்கச் சொன்னார்கள். முன்பு அங்கே ஆண்டுதோறும் நடந்த அறிமுக நடனவிழாவைப் பற்றியது அது. படிப்பை முடிக்கும் பெண்கள் நீண்ட வெள்ளை உடை அணிந்து, தந்தையின் கையைப் பற்றி மண்டபத்தில் நடந்துவந்து, மறைமாவட்டத் தலைவரான ஆயர் முன் முழங்கால் மடித்து வணங்குவார்கள். அதன் பிறகுதான் நடனம்.

"எங்கட சாமத்திய வீடு மாதிரித்தான், பெரியபிள்ளையானவளை ஊருக்குக் காட்டுறது" என்றான் அவள் கணவன் பிரசாந், படங்களைப் பார்த்துவிட்டு.

ஒரு பெட்டியில் கடிதமொன்றின் கார்பன் பிரதி கிடைத்தது. 1961 ஏப்ரலில் தலைமைக் கன்னியாஸ்திரி பள்ளியின் துப்புரவுத் தொழிலாளிக்கு எழுதியது. அவருடைய மகள் லுசில் அங்கேதான் படித்திருக்கிறாள். 'லுசிலிடம் குறையேதும் இல்லை. ஆனால் மண்டபத்தைக் கூட்டுகிறவர் அதே மண்டபத்தில் விருந்தினர் முன் தந்தையாக நடந்துவருவது எல்லோருக்கும் சங்கடம். நீங்கள் இருவரும் வரவேண்டாம். காரணத்தை மகளிடம் உங்களுக்குத் தோன்றியபடி சொல்லிக்கொள்ளுங்கள்.'

ஜெயனி அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள். வாசித்துப் பார்த்த தலைமையாசிரியை, கொண்டாட்டத்துக்கு இது பொருந்தாது, எடுத்துவிடுங்கள் என்றார்.

"சொன்னா எடுத்துவிடுமப்பா" என்றான் பிரசாந். "எங்கட பிள்ளையும் அங்கதானே படிக்கிறாள். அறுபது வருசத்துக்கு முந்தின கதைக்குள்ள நீர் ஏன் தலையைக் குடுக்கிறீர்?"

"ஓம்" என்றாள். எடுத்துக் கோப்பில் வைத்தாள். மனம் ஆறவில்லை.

கண்காட்சியின் மூன்றாம் நாள் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்தார். குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் அறுபத்தோராம் ஆண்டுப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"இதில் இருபத்துமூன்று பேர்" என்றார் ஜெயனியிடம் பிரெஞ்சில். "நான் இருபத்துநான்காவது. உடைகூடத் தைத்து வைத்திருந்தேன். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். ஆயர் முன்னால் என்னால் வேடம் போட்டு நிற்க முடியாது என்று கத்தினார். கோடையில் வீட்டைவிட்டுப் போனேன். அவர் சாகும்வரை அவரோடு பேசவில்லை."

ஜெயனி பெயரைக் கேட்டாள். லுசில் என்றார்.

உள்ளே போய்க் கோப்பை எடுத்தாள். எடுத்த பிறகு வாசலில் நின்றாள். தகப்பன் செத்துப் போனார். இனி இது யாருக்கு உதவும்? ஆனாலும் படத்தின் முன் நிற்பவரிடம் ஒன்றும் தெரியாதவளைப்போலத் திரும்பிப்போக அவளால் முடியவில்லை.

லுசில் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். கதிரையில் உட்கார்ந்தார். பிறகு, "ஒரு பிரதி எடுத்துத் தரமுடியுமா?" என்று மட்டும் கேட்டார். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, கடிதத்தை லுசிலுக்குக் காட்டியதை ஜெயனி தானே தலைமையாசிரியையிடம் சொன்னாள்.

"யாரைக் கேட்டுக் காட்டினீர்கள்?"

"அவரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம், மதாம்."

ஜூனோடு வேலை முடிகிறது, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று அந்த வாரமே கடிதம் வந்தது. பிரசாந் அதை வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தான்.

"நீர் குடுத்தது பிழையில்லை" என்றான். "ஆனா அந்த மனுசி இனி அதை வைச்சு என்ன செய்யும்?"

அதைத்தான் ஜெயனியும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து லுசில் தொலைபேசியில் அழைத்தார். "அப்பா அதற்குப் பதில் போட்டாரா?"

ஜெயனி அந்த ஆண்டின் பெட்டிகள் முழுவதையும் தேடிப்பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தாள். "இல்லை, மதாம். ஒன்றும் இல்லை."

"இருக்காது" என்றார் லுசில். "அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; யாரையாவது கொண்டு எழுதினாரோ என்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் வாசித்துக்காட்டுவேன். இதை மட்டும் என்னிடம் தரவில்லை. யாரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லியிருப்பார்?"

லுசில் அழுவது ஜெயனிக்குக் கேட்டது. அவராக வைக்கும்வரை ஜெயனி தொலைபேசியை வைக்கவில்லை.